பதில் கிடைத்துவிடுமே என்ற பயம்

யாழ்ப்பாணத்தில் ஒரு மின்னூலகமோ தரவுத்தளமோ கைபேசிச் செயலியோ பிறந்துவிட்டால், அதற்குரிய கிரியைகளில் நாங்கள் ஒரு குறையும் வைப்பதில்லை. மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை, சிறப்புரை, பிரதம விருந்தினர் உரை, நன்றியுரை. ஆசியுரை வழங்க வந்த குருக்களுக்கும் வணபிதாவுக்கும் அந்தச் செயலி என்ன செய்யும் என்று தெரிந்திருக்க அவசியமில்லை. பிரதம விருந்தினருக்கும் அப்படியே. பத்தரைக்கு றோல்ஸும் பால்ரீயும். மத்தியானம் புரியாணி. மூன்று மணிக்கு, ஆட்களுக்குக் கண் சொருகும் நேரத்தில், கருவியைத் திறந்து காட்டுவார்கள். அப்போது பார்த்து வைபை போய்விடும். வளவாளர் சளைக்கமாட்டார். கருவி வேலைசெய்தால் எப்படி இருக்கும் என்பதைப் படங்களாகத் திரையில் போட்டுக் காட்டி முடிப்பார்.

அதற்குப் பிறகு மதிப்பீட்டுப் படிவம். வரிசையாக ஐந்து முகம் கீறியிருக்கும். அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகத்தில் முடியும். மண்டபம் வசதியாக இருந்ததா? உணவு எப்படி? வளவாளர் தெளிவாகப் பேசினாரா? கருவியைப் பற்றிய கேள்வி அடியில் ஒன்று: ‘இது உங்கள் தொழிலுக்கு மிகவும் பயன்படுமா, ஓரளவு பயன்படுமா?’ பயன்படாது என்று எழுத ஒரு கட்டம் இராது. புரியாணி நல்லாயிருந்தது என்ற திருப்தியில் எல்லாரும் சிரிக்கிற முகத்துக்கு வட்டம் போடுவார்கள். அந்த வட்டங்களைக் கூட்டி வீதம் கண்டு, வர்ணப் படம் வரைந்து, கொடையாளர் நாட்டுக்கு அறிக்கை போகும். வரவுப் பதிவில் ஒப்பமிட்டவர்கள் எல்லாரும் ‘பயனாளர்கள்’. இரண்டு வருடத்தில் திட்டம் முடியும், காசு முடியும், இணைய முகவரிக்குக் கட்டணம் கட்ட ஆளிராது. அந்த முகவரியைத் திறந்தால் யாரோ சூதாட்டக்காரன் கடை விரித்திருப்பான். கடைசியில் அதற்கு உண்மையான பயனாளர்கள் கிடைத்துவிடுகிறார்கள்.

மதிப்பீடு என்று உலகத்தில் வேறொன்றும் இருக்கிறது. இங்கிலாந்தின் கிரான்பீல்ட் விமானவியல் கல்லூரியில் நூலகராக இருந்த சிரில் கிளெவர்டன் 1960களில் அதைச் செய்துகாட்டினார். 1,400 ஆய்வுக் கட்டுரைகளை எடுத்தார். ஆய்வாளர்களிடமே கேட்டு வாங்கிய 200க்கு மேற்பட்ட கேள்விகளை எடுத்தார். எந்தக் கேள்விக்கு எந்தக் கட்டுரை பொருந்தும் என்று முன்கூட்டியே தீர்த்து வைத்துக்கொண்டு, பிறகுதான் தேடும் முறைகளை ஓடவிட்டார். வரவேண்டியவற்றில் எத்தனை வந்தன, வந்தவற்றில் எத்தனை வேண்டியவை என்று இரண்டே கணக்கு. இன்றைக்கும் தேடுபொறிகளைச் சோதிக்கிறவர்கள் அந்தக் கணக்கின் பேரப்பிள்ளைகளைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேள்வி முதலில், கருவி பிறகு.

எங்கள் செயலமர்வுகளில் எல்லாம் இருக்கும், கேள்வியைத் தவிர. தன் வாட்டில் கிடக்கிற ஒரு நோயாளியைப் பற்றிய சந்தேகத்தோடு வந்த வைத்தியரையோ, தனக்கு விளங்காத ஒரு மண் பரிசோதனையோடு வந்த பொறியியலாளரையோ அங்கே நான் கண்டதில்லை. கேள்வியே இல்லாத ஆட்களுக்குத் தேடற்கருவி வழங்குவதில் உலகத்திலேயே தேர்ந்த சமூகம் எங்களுடையது.

ஏன் கேள்வி இல்லை? படித்தவர்கள் நேரமில்லை என்பார்கள், இணையம் வேகமில்லை என்பார்கள், தமிழில் ஒன்றுமில்லை என்பார்கள். மூன்றும் சாட்டு. சரியான காரணத்தை 1959இல் கல்வின் மூவர்ஸ் என்ற அமெரிக்கர் சொல்லிவிட்டார். தகவல் கையில் இல்லாமல் இருப்பதைவிட இருப்பது ஒருவருக்குத் தொந்தரவாகவும் வேதனையாகவும் இருக்குமானால், அந்தத் தேடல் முறையை அவர் பயன்படுத்தமாட்டார் என்பது அவருடைய விதி. பாவிக்கச் சிரமமான கருவியை ஆட்கள் கைவிடுவார்கள் என்றுதான் பலர் இதை விளங்கிக்கொண்டார்கள். மூவர்ஸ் சொன்னது அதைவிடக் கொடுமையானது. கருவி எவ்வளவு சுகமாக இருந்தாலும், கிடைக்கிற பதில் சுகமில்லை என்றால் ஆள் அந்தப் பக்கம் போகான். தகவல் கிடைத்தால் அதை வாசிக்க வேண்டும். வாசித்தால் விளங்க வேண்டும். விளங்கினால், நேற்றுச் சொன்னது பிழை என்று பணிப்பாளரிடம் போய்ச் சொல்ல வேண்டும். எதற்கு இந்த வில்லங்கம்?

அதே 1959இன் ஒக்டோபரில்தான் யாழ்ப்பாணப் பொதுநூலகம் திறக்கப்பட்டது. அதற்கு ஆலோசனை சொன்னவர் எஸ். ஆர். இரங்கநாதன். நூல்கள் பயன்படுத்தவே, வாசகரின் நேரத்தைச் சேமி என்று 1931இல் ஐந்து விதி எழுதி உலகத்து நூலகர்களுக்கெல்லாம் வாத்தியாரானவர். யாழ்ப்பாணம் இரங்கநாதனை வரவழைத்து மாலை போட்டது. கடைப்பிடிப்பதற்கு மூவர்ஸை எடுத்துக்கொண்டது.

எங்கள் தொழில்வல்லார் ஒவ்வொருவராக வரட்டும்.

முதலில் டொக்டர். அவருடைய சனலிங் அறைக்கு வெளியே நாற்பது கதிரை. உள்ளே போன நோயாளி, தான் இணையத்தில் வாசித்த ஒன்றைத் தயங்கித் தயங்கிச் சொன்னால் வரும் பதிலை நாற்பது கதிரையும் கேட்கும்: “அப்ப நீங்கள் கூகிள் டொக்டரிட்டயே போயிருக்கலாமே!” நோயாளி வாயை மூடுவார். அவர் வெளியேறிய பிறகு டொக்டர் மேசைக்குக் கீழே கைபேசியை எடுத்து அதே கூகிளில் பார்ப்பார். அதாவது பார்க்கிற நல்ல டொக்டரைச் சொல்கிறேன். மற்றவருக்குத் தகவல் தானே நடந்து வரும்: கழுத்துப்பட்டி கட்டி, தோற்பை தூக்கி, நோயாளிகளை முந்திக்கொண்டு உள்ளே போகிற மருந்துக் கம்பனிப் பிரதிநிதியாக. அவர் கொடுக்கும் வழுவழுப்பான துண்டில் ஒரு வரைபடம் இருக்கும்; நீலக் கோடு மேலே போகும், சிவப்புக் கோடு கீழே போகும். எத்தனை பேரில் சோதித்தார்கள், யார் காசு கொடுத்தார்கள் என்பது எறும்பு எழுத்தில் அடியில் கிடக்கும். மருத்துவ ஆய்வுகளைத் தேடித் தரும் பப்மெட் தளம் 1997இலிருந்து உலகத்துக்கு இலவசம். அது பேனை தராது, நாட்காட்டி தராது, சிங்கப்பூருக்கு மாநாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகாது.

இந்த மண்ணில்தான் 1847இல் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் வந்து மானிப்பாயில் ஆஸ்பத்திரி வைத்தார். சமயம் பரப்ப வந்தவர்தான், அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் தன்னிடம் படிக்கிறவன் தன் நோயாளியின் மொழியில் நோயை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். தானே தமிழ் படித்தார். 1864 அளவில் மருத்துவக் கல்வியைத் தமிழுக்கு மாற்றினார். தன் மாணவர்களோடு உட்கார்ந்து உடற்கூறு, சத்திரசிகிச்சை, பிரசவம் என்று நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தமிழாக்கினார். 1873இல் ஊர் திரும்பிய பிறகும் விடவில்லை; ‘கெமிஸ்தம்’ வெளிவந்தது 1875இல். நூற்றைம்பது வருடம் கழித்து அவருடைய வாரிசுகள், நீரிழிவு என்றால் என்ன என்று ஒரு பக்கம் தமிழில் எழுதித் தரக் கேட்டால், “அதுக்கெல்லாம் தமிழில சொல் இல்லை” என்கிறார்கள். கிறீனுக்குச் சொல் இருந்தது. நாங்கள் அவருக்கு நினைவுதினம் வைத்து, ஆங்கிலத்தில் நினைவுப் பேருரை நடத்துகிறோம்.

அடுத்து லோயர். யாழ்ப்பாணத்தாரின் வழமைச் சட்டமான தேசவழமை எழுத்துக்கு வந்த கதை இவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற ஒல்லாந்த அதிகாரி, இந்த ஊரில் நெடுங்காலம் இருந்து கண்டதையும் கேட்டதையும் தொகுத்து எழுதினார். எழுதியதைத் தமிழாக்கி, பன்னிரண்டு முதலிமாரிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார்கள். அவர்கள் பார்த்து, சரி என்று ஒப்பமிட்ட பிறகுதான் அது சட்டமானது. காலனிக்காரன்கூட ஒரு தகவலைப் பன்னிரண்டு பேரிடம் உரைத்துப் பார்த்தான். எங்கள் லோயர் ஒரே ஒருவரிடம்தான் உரைத்துப் பார்ப்பார்: தன்னுடைய கிளாக்கரிடம். முப்பது வருடமாக உறுதி எழுதுகிற அந்த மனிதர், “இதெல்லாம் இப்பிடித்தான் சேர் போடுறது” என்று சொன்னால் அதுதான் மேன்முறையீடு இல்லாத தீர்ப்பு. பழைய உறுதியில் எல்லை பிழைத்திருந்தால் புதிய உறுதியிலும் அதே பிழை, புது முத்திரையோடு. பிறகு வேலிச் சண்டை, பிறகு வழக்கு, பிறகு அதே லோயர். தொழிலுக்குச் சேதமில்லை.

இப்போது கிளாக்கருக்கும் போட்டி வந்துவிட்டது. சற்ஜிபிரி என்ற செயற்கை நுண்ணறிவு இயந்திரம். 2023இல் நியூயோர்க்கில் இரண்டு சட்டத்தரணிகள் இந்த இயந்திரம் கற்பனை செய்து கொடுத்த வழக்குகளை உண்மையென்று நீதிமன்றத்தில் சமர்ப்பித்து, 5,000 டொலர் தண்டம் கட்டினார்கள். விமானத்தில் முழங்காலில் அடிபட்ட ஒரு பயணியின் வழக்கு அது. எதிர்த்தரப்பு அந்தத் தீர்ப்புகளைத் தேடிப்பார்த்தது, ஒன்றையும் காணவில்லை, பிடிபட்டார்கள். இதில் நான் கவனிக்கச் சொல்வது இயந்திரத்தின் பொய்யை அல்ல. அங்கே எதிர்த்தரப்பு தேடிப்பார்த்தது. இங்கே இரண்டு தரப்பும் ஒரே இயந்திரத்தைக் கேட்டுவிட்டு வந்து நின்றால், இல்லாத வழக்கை இல்லாத வழக்கால் வெட்டி வாதாடலாம். கட்டணம் மட்டும் இருக்கும்.

இந்த இயந்திரங்கள் எங்கள் படித்த வர்க்கத்துக்கு ஏன் இவ்வளவு பிடித்துப்போயின என்று யோசித்தேன். அவை ‘தெரியாது’ என்று லேசில் சொல்வதில்லை. தயங்குவதில்லை. கேட்டவர் எதை எதிர்பார்க்கிறார் என்று மோப்பம் பிடித்து அதையே நல்ல வசனத்தில் திருப்பிக் கொடுக்கின்றன. ஒரு மாகாண சபை ஆலோசகருக்கு வேண்டிய சகல தகைமையும் அவற்றுக்கு உண்டு.

பொறியியலாளரைப் பற்றி ஓர் ஆய்வே இருக்கிறது. எம்ஐரி பல்கலைக்கழகத்தின் தோமஸ் அலன், பொறியியலாளர்கள் தகவலை எங்கே தேடுகிறார்கள் என்று வருடக்கணக்காகப் பார்த்து 1977இல் ஒரு நூல் எழுதினார். அவர்கள் புத்தகத்துக்கு முதல் ஆளைத் தேடுகிறார்கள். அதுவும் பக்கத்து ஆளை. மேசைகளுக்கிடையே தூரம் கூடக் கூடப் பேச்சு சடசடவென்று குறைந்து, சில பத்து மீற்றரில் கிட்டத்தட்ட நின்றேவிடும் என்று கண்டார். எங்களிடமும் அதே விதிதான். ஆனால் அந்தத் தூரத்தை மீற்றரில் அளக்கமுடியாது. எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊர், எந்த ‘பட்ச்’, வெளியில் சொல்லக் கூசுகிற இன்னொன்று. அந்த வட்டத்துக்குள் இருப்பவன் பிழையாகச் சொன்னாலும் தகவல். வெளியே இருப்பவன் ஆய்வுக்கூட முத்திரையோடு கொண்டுவந்தாலும் வதந்தி.

இப்போது வட்டத்துக்கு வட்ஸ்அப் குறூப் என்று பெயர். அதில் நிபுணர்கள் இருக்கிறார்கள். காலையில் முருகன் படம், மத்தியானம் முருங்கையிலையின் மகிமை, இரவு யாரோ அனுப்பிய யாரோ சொன்ன புற்றுநோய் மருந்து. அனுப்புகிறவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். பெருவிரல் காட்டுகிறவர் வைத்திய நிபுணர்.

*

வருடா வருடம் ஜூன் முதலாம் திகதி எங்கள் முகநூல்கள் எல்லாம் எரியும். 1981 மே 31 இரவு மூட்டிய தீயில் 97,000 நூல்கள் சாம்பலான அந்தப் பொதுநூலகத்து வெள்ளைக் கட்டடத்தின் படத்தைப் போடாதவர் தமிழரே அல்லர். அது அழவேண்டிய அழிவுதான். அரசின் பாதுகாப்பில் இருந்த பொலிஸார் மூட்டிய தீ அது. அதை மறந்தால் மனிதர் இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் போடுகிற கையிடம் எனக்கொரு கேள்வி உண்டு. எரிந்த நூலகத்துக்கு வருடத்தில் ஒரு நாள் தருகிறீர்கள். எரியாத நூலகத்துக்கு எத்தனை நாள்?

நூலகம் என்ற பெயரிலேயே ஒன்று இணையத்தில் 2005இலிருந்து இருக்கிறது. ஒரு சில இளைஞர்கள் தொடங்கி, நன்கொடையில் ஓடி, ஈழத்துத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், மலர்கள், செத்தவீட்டுக்கு அச்சிடுகிற கல்வெட்டுகள் என்று ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. காசில்லை, உறுப்புரிமை இல்லை, வாசலில் காவலாளி இல்லை. யாழ்ப்பாணத்தில் எப்போது எங்கே கொலரா பரவியது, எந்தக் குளத்தை யார் மூடினார்கள், எந்தத் திட்டம் எந்த வருடத்தில் கைவிடப்பட்டது என்று தேட விரும்புகிறவன் அங்கேதான் முதலில் போகவேண்டும். கல்வெட்டுகளை இளக்காரமாக நினைக்காதீர்கள். ஒரு குடும்பத்தின் ஐந்து தலைமுறையை, ஊர் பெயர்ந்த கதையை, காணியின் பழைய பெயரை வேறெந்த அரச பதிவிலும் அப்படிக் காணமுடியாது. காணி வழக்குப் பேசுகிற லோயர் ஒருவர் அதைத் திறந்து பார்த்தாரா?

திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். கனடாவில் இருந்துகொண்டு பாட்டனாரின் படம் தேடுகிற பேத்தி. லண்டனில் தன் ஊரின் வரலாறு எழுதுகிற ஓய்வுபெற்ற கணக்காளர். பல்கலைக்கழக வாசலில் கொமினிக்கேசன் கடைவைத்து, ஆய்வேடுகளைப் ‘பக்கம் இவ்வளவு’ என்று அடித்துக் கொடுக்கிற தம்பி. கடைசி ஆளைப் பகிடிக்குச் சொல்லவில்லை. ஆய்வேட்டில் பெயர் போடுகிறவரைவிட அவருக்குத்தான் எந்தத் தளத்தில் எது கிடைக்கும் என்று தெரியும். பேராசிரியர் பார்ப்பது ஒன்றைத்தான்: பிரதி கண்டுபிடிக்கும் மென்பொருள் எத்தனை வீதம் காட்டியது என்பதை. இருபதுக்குக் கீழே வந்தால் ஆய்வு. சொந்தமாக யோசிக்காமல் சொந்த வார்த்தையில் எழுதுவது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே படிப்பித்துவிட்டோம்.

அரச கந்தோர்களின் கதை தனி. வடக்கில் எத்தனையோ அறிக்கைகளும் சுற்றுநிருபங்களும் இன்னும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கப்படுகின்றன. கடுதாசியில் அச்சானால் அழகாக இருக்கும். அதைப் பிடிஎப் ஆக்கி இணையத்தில் போட்டால், கண்ணுக்குத்தான் அது தமிழ். கணினிக்குள்ளே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிடக்கிற சிக்கல். ‘யாழ்ப்பாணம்’ என்று தேடினால் அந்த அறிக்கையின் முதற்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் யாழ்ப்பாணம் இருந்தாலும் எந்தத் தேடுபொறிக்கும் அகப்படாது. தமிழ் யுனிகோட்டுக்குள் வந்தது 1991இல். இலங்கையே தமிழுக்கென்று எஸ்எல்எஸ் 1326 என்ற நியமத்தை 2008இல் வெளியிட்டது. அதற்குப் பிறகும் தட்டெழுத்தாளர்கள் பாமினியில் பழகி, பாமினியிலேயே ஓய்வூதியத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். “சேருக்கு இந்த எழுத்துத்தான் பிடிக்கும்” என்பது காரணம். ஒரு மாகாணத்தின் நினைவு ஒரு சேரின் எழுத்துருப் பிரியத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது. 1981இல் நெருப்புத் தேவைப்பட்டது. இப்போது பாமினி போதும்.

இதைத் தற்செயல் என்று முன்பு நினைத்தேன். இப்போது நினைப்பதில்லை. தேடினால் கிடைக்கிற அறிக்கை ஆபத்தானது. போன வருடம் சொன்னதையும் இந்த வருடம் சொன்னதையும் எவனாவது பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவான். பொறியியலாளர் ஆறுமுகம் யானையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கும் திட்டத்தைச் சொன்னது 1950களில். அதற்குப் பிறகு ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற அந்தத் திட்டம் எத்தனை தடவை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது! ஒவ்வொரு தடவையும் முதற்பக்கத்திலிருந்து. பழைய கோப்பு கிடைத்துவிட்டால் புதிய ஆலோசகருக்குக் கட்டணம் எப்படிக் கொடுப்பது?

*

தகவல் கிடைத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இனிச் சுன்னாகம்.

குடாநாட்டின் நிலத்தடி முழுக்கச் சுண்ணக்கல். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் கிடையாது. மாரியில் பெய்கிற மழை அந்தக் கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழேயுள்ள உவர்நீருக்கு மேலே மிதக்கிறது. அதைத்தான் அள்ளிக் குடிக்கிறோம், அதில்தான் புகையிலையும் வெங்காயமும் விளைகிறது. மேலே ஊற்றுவது எதுவானாலும் கீழே போகும். இதை அறிய எந்தத் தரவுத்தளமும் வேண்டாம். கிணறு வெட்டுகிற எவரும் சொல்வார்.

சுன்னாகத்து அனல் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த சனம் வாளியை இழுத்தபோது எண்ணெய் மணத்தது. தண்ணீருக்கு மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தது. அவர்களுடைய தகவல் தேடல் அங்கேயே முடிந்துவிட்டது: மூக்கும் கண்ணும். அதற்குப் பிறகுதான் தொழில்வல்லாரின் தேடல் தொடங்கியது. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளை ஆராய்ந்து, 109இல் எண்ணெயும் கொழுப்பும் அளவுக்கு மிஞ்சியிருப்பதாக 2014இல் கண்டது. தகவல் வந்துவிட்டது. அரச நிறுவனமே எடுத்த தகவல், இலக்கத்தோடு.

வந்ததுதான் வினை. மூவர்ஸின் விதி சுன்னாகத்தில் வேலைசெய்யத் தொடங்கியது. அந்த 109ஐ ஒப்புக்கொண்டால் மின் நிலையத்தை நிறுத்த வேண்டும், அனுமதி கொடுத்தவரைக் கேட்க வேண்டும், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும். ஆகவே வேறொரு தகவலைத் தேடுவது சுகமாக இருந்தது. வடமாகாண சபை ஒரு நிபுணர் குழுவை அமைத்தது. குழு பார உலோகங்களைத் தேடியது. ஆபத்தான அளவில் இல்லை என்றது. சனம் எண்ணெய் மணக்கிறது என்கிறது, நிபுணர் ஈயம் இல்லை என்கிறார். வயிற்றுவலிக்காரனுக்குப் பல் பார்த்து, பல் நல்லாயிருக்கு என்று துண்டு எழுதிக் கொடுத்த மாதிரி. ஒருவர் குடிக்கலாம் என்றார், ஒருவர் குடிக்கவேண்டாம் என்றார், இன்னொருவர் மேலும் ஆராய வேண்டும் என்றார். மூன்று கருத்தும் மூன்று பத்திரிகையில் மூன்று தலைப்பாக வந்தன. சனம் பவுசர் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு வாளியோடு நின்றது.

எல்லாரையும் ஒரே சாக்கில் கட்டமாட்டேன். மல்லாகம் நீதிமன்றத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். கூட்டம்போட்டு உரக்கப் பேசிய வைத்தியர்கள் இருந்தார்கள். நல்லூரில் உண்ணாவிரதம் இருந்த இளைஞர்கள் இருந்தார்கள். மின் உற்பத்தியை நிறுத்தும்படி 2015 ஜனவரியில் மல்லாகம் நீதிமன்றம் கட்டளையிட்டது அங்கே போனவர்களால்தான். மிச்சப் பெரியவர்கள் என்ன செய்தார்கள்? அறிக்கைகளை ஒன்றுக்கொன்று மோதவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முரண்பட்ட இரண்டு அறிக்கை இருந்தால் இரண்டையும் எடுத்து, எதை எப்போது எப்படி அளந்தார்கள் என்று பார்ப்பதுதான் படித்தவன் செய்யவேண்டிய முதல் வேலை. அதற்காகத்தான் அவனுக்கு இலவசக் கல்வி கொடுத்து, பல்கலைக்கழகம் கட்டி, பெயருக்கு முன்னால் பட்டம் போட விட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் அதன் பெயர் ‘அரசியலுக்குள்ள தலையைப் போடுறது’.

கடைசியில் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போட்டவர் யார்? சூழல் இயற்கைக் கற்கைகள் நிலையத்தைச் சேர்ந்த ரவீந்திர காரியவசம். தெற்கத்தியச் சூழலியலாளர், சிங்களவர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைப் பற்றிய கடுதாசிகளைத் தேடிச் சேர்த்து, கொழும்பு நீதிமன்ற மேசையில் வைத்தவர் அவர். 97,000 நூலுக்கு அழுகிற இனத்தின் சார்பாக 150 கிணற்றின் அறிக்கையை வாசிக்க வெளியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கப்படவேண்டியவர்கள் இப்போது வேறொரு செயலமர்வில் சிறப்புரை ஆற்றிக்கொண்டிருப்பார்கள்.

நீதியரசர்கள் செய்த வேலை எளிமையானது. இரண்டு அறிக்கையையும் வாசித்தார்கள். நீர்வழங்கல் சபையின் ஆய்வை எடுத்து நின்றார்கள். நிலத்தடி நீர் மாசடைந்ததற்கு மின் நிலையத்தை நடத்திய நோர்தேன் பவர் கம்பனி பொறுப்பு என்றார்கள். கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தன என்றார்கள். கம்பனி இரண்டு கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்த்தார்கள். அவர்கள் யாரும் நிலத்தடி நீரியல் படித்தவர்கள் இல்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான்.

தகவற் கருவிகளை மதிப்பிட விரும்புகிற பெரியவர்களே, உங்கள் அடுத்த மென்பொருளுக்கு ஒரு சோதனைக் கேள்வி தருகிறேன்: ‘சுன்னாகத்தில் எந்தக் கிணற்றுத் தண்ணீரை இன்றைக்கு என் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்கலாம்?’ இதற்குப் பதில் வருகிறதா, எந்த வருட அளவீட்டிலிருந்து வருகிறது, அளந்தவர் யார் என்று சொல்கிறதா என்று பாருங்கள். வந்தால் கருவி. வராவிட்டால் புரியாணி.

வழக்கு இலக்கம் எஸ்.சி. எப்.ஆர். 141/2015. தீர்ப்பு நாள் 2019 ஏப்ரல் 4. உயர் நீதிமன்றத்தின் இணையத்தளத்தில் இருக்கிறது. கடவுச்சொல் வேண்டாம், கட்டணம் வேண்டாம், மங்கள விளக்கு வேண்டாம். குடாநாட்டுத் தண்ணீரைப் பற்றி இனி மேடையேறப்போகிற டொக்டரும் எஞ்சினியரும் லோயரும் பேராசிரியரும், ஏறுவதற்கு முதல் அதை ஒருதரம் முழுதாய் வாசித்துவிட்டு ஏறுங்கள்.